ஸ்க்ரூஜைத் தனியாளாக மேடையேற்றப் போகிறவர்களுக்கு

டிசம்பர் நெருங்கினால் இளைஞர்கள் இரண்டு மூன்று பேராவது வந்து நிற்பார்கள். “ஐயா, ‘எ கிறிஸ்துமஸ் கேரல்’ கதையை ஒரே ஆளாகச் செய்யப் போகிறேன், ஆசீர்வாதம் பண்ணுங்க.” ஆசீர்வாதம் உண்டு. கூடவே இவற்றையும் வாங்கிக்கொள்ளுங்கள்.

1. முன்னோடியைத் தெரிந்துகொள்ளுங்கள். இந்தக் கதையைத் தனியாளாக மேடையில் நிகழ்த்தியவர் அதை எழுதிய சார்லஸ் டிக்கன்ஸேதான். புத்தகம் வந்தது 1843 டிசம்பரில். 1853 டிசம்பர் 27 அன்று பர்மிங்ஹாம் நகர மண்டபத்தில், ஒரு கல்வி நிறுவனத்துக்கு நிதி திரட்டுவதற்காக, பொதுமக்கள் முன்னால் முதன்முறையாக வாசித்தார். 1870 மார்ச் 15 அன்று லண்டனில் மேடையிலிருந்து விடைபெற்றபோதும் இதே கதைதான். பேட்ரிக் ஸ்டூவர்ட், சைமன் கேலோ, டிக்கன்ஸின் எள்ளுப்பேரன் ஜெரால்டு டிக்கன்ஸ் எல்லோரும் அவர் போட்ட பாதையில் நடந்தவர்களே.

2. வெட்டத் தயங்காதீர்கள். பர்மிங்ஹாமில் டிக்கன்ஸின் வாசிப்புக்கு ஏறத்தாழ மூன்று மணி நேரம் ஆனது. பிற்பாடு அதைப் பாதியளவுக்குச் சுருக்கிவிட்டார். புத்தகத்தின் பக்கங்களைப் பிரித்துப் பெரிய தாள்களில் பொருத்தி, வரி வரியாக அடித்து, ஓரத்தில் குறிப்பெழுதி வைத்திருந்தார். அந்தப் பிரதி இன்றும் நியூயார்க் பொது நூலகத்தில் இருக்கிறது. எழுதியவருக்கே அடிக்க மனம் வந்தது; உங்களுக்கு என்ன தயக்கம்?

3. நீங்கள் அந்தக் கஞ்சன் ஸ்க்ரூஜ் அல்ல, கதைசொல்லி. இதை மறந்தால் எல்லாம் போச்சு. என் முதல் மேடையில் ஸ்க்ரூஜுக்காகத் தொண்டையை இறுக்கிக் கரகரவென்று பேசினேன். இரண்டாவது ஆவி வருவதற்குள் குரல் கம்மிவிட்டது. சின்னப் பையன் டிம் வாய் திறந்தபோது வந்தது எண்பது வயதுக் கிழவனின் குரல், சபை சிரித்துவிட்டது. உங்கள் இயல்பான குரல்தான் வீடு. மற்ற பாத்திரங்கள் அந்த வீட்டுக்கு வந்துபோகும் விருந்தாளிகள். ஒவ்வொருவருக்கும் ஒரு தலைசாய்ப்பு, ஒரு வேகம் போதும்.

4. கைகளைப் பழக்குங்கள். ஸ்க்ரூஜின் பழைய முதலாளி ஃபெஸிவிக் நடத்தும் நடனக் காட்சியில் டிக்கன்ஸ் ஆடவில்லை. மேசைமேல் விரல்களை ஆடவிட்டார். ஒவ்வொரு விரலும் ஒரு காலாகத் தெரிந்தது என்று பார்த்தவர் எழுதியிருக்கிறார். ஸ்க்ரூஜின் குமாஸ்தா பாப் க்ராட்சிட் வீட்டு விருந்தில் உருளைக்கிழங்கு மசிப்பதையும் கையாலேயே காட்டினார். இல்லாத கிழங்கைச் சபை பார்த்தது.

5. மேடையைக் காலியாக வையுங்கள். டிக்கன்ஸுக்கு இருந்தவை ஒரு மேசை, பின்னால் ஒரு அடர்நிறத் திரை, மேலே எரிவாயு விளக்குகள். ஸ்க்ரூஜின் இறந்துபோன கூட்டாளி மார்லியின் ஆவி இழுத்து வருவது பணப்பெட்டிகளும் சாவிகளும் பூட்டுகளும் கணக்குப் பேரேடுகளும் கோத்த சங்கிலி. கடைச் சங்கிலியை வாங்கி உதறினால் அது வெறும் இரும்பு. ஒரு காலை இழுத்து நடந்து பாருங்கள், அந்தப் பாரம் முழுவதும் தெரியும்.

6. ஸ்க்ரூஜை வில்லனாக்காதீர்கள். விடுமுறையில் எல்லாப் பிள்ளைகளும் ஊருக்குப் போனபின் பள்ளியில் தனியே உட்கார்ந்திருந்த சிறுவன் அவன். அந்தச் சிறுவன் முதல் காட்சியிலேயே கிழவனுக்குள் எங்கோ இருக்க வேண்டும். அப்போதுதான் கிறிஸ்துமஸ் காலையில் வரும் சிரிப்பை நம்புவார்கள். வருஷக்கணக்கில் சிரிக்காத ஒருவன் சிரிக்கும் சிரிப்பு அது. துருப்பிடித்த கதவு திறப்பதுபோலத் தொடங்க வேண்டும். ஒத்திகையில் அதிக நேரத்தை இதற்கே கொடுங்கள்.

7. டிம்முக்காக நீங்கள் அழக்கூடாது. தகப்பன் பாப் உடைந்து அழலாம். சொல்பவன் அழுதால் சபைக்கு வேலை இல்லை. குரலைத் தாழ்த்தி, வார்த்தைகளை மட்டும் சரியாக வையுங்கள். பிள்ளை பிழைத்துக்கொண்டான் என்ற செய்திக்கு முன்னால் ஒரு மூச்சு நில்லுங்கள். அந்த ஒரு மூச்சுக்குள் மண்டபமே அசையாது.

8. உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். 1867-68 அமெரிக்கப் பயணத்தில் டிக்கன்ஸ் நோயோடுதான் மேடையேறினார். சரியாகச் சாப்பிடக்கூட முடியாத நிலை. அதை வீரம் என்று பின்பற்ற வேண்டாம். நாளுக்கு ஒரு காட்சி போதும்.

9. கடைசியாக, டிக்கெட். அதே பர்மிங்ஹாமில் டிசம்பர் 30 அன்று உழைப்பாளி மக்களுக்கென்றே மலிவுக் கட்டணத்தில் டிக்கன்ஸ் மறுபடி வாசித்தார். கஞ்சன் மனம் திருந்திய கதையைக் காசுள்ளவர்களுக்கு மட்டும் சொல்வதில் அர்த்தமில்லை. பத்துக் காட்சி போட்டால், ஒன்றையாவது டிக்கெட் வாங்க முடியாதவர்களுக்குப் போடுங்கள். அன்று ஸ்க்ரூஜ் வான்கோழி வாங்கி அனுப்பும் இடத்தில் வரும் கைத்தட்டலை நின்று கேளுங்கள்.