முதல் வகுப்புக்குப் போகும் மகளுக்கு

சித்தூர்

அன்புள்ள பாப்பா,

திருப்பதியில் உதவிப் பேராசிரியராகச் சேர்ந்துவிட்டாய் என்று உன் அப்பா போனில் சொன்னதிலிருந்து வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம். எனக்கு மட்டும் கூடவே ஒரு கவலையும் இருக்கிறது. ஒன்றாம் வகுப்புக்குப் பாடம் எடுக்கவே நம் நாட்டில் ஆசிரியர் பயிற்சி முடித்திருக்க வேண்டும். பல்கலைக்கழகத்தில் எடுக்க நெட் தேர்வோ முனைவர் பட்டமோ போதும். தாவரவியலில் நீ கெட்டிக்காரி. ஆனால் அதை இன்னொருவருக்குப் புரியவைப்பது எப்படி என்று உனக்கு யாரும் சொல்லித் தந்ததில்லை.

முதலில் உன் எதிரே யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று பார். 1954இல் வேங்கடேசுவரா பல்கலைக்கழகமும் 1983இல் பத்மாவதி மகளிர் பல்கலைக்கழகமும் வந்ததால், எத்தனையோ வீடுகளின் முதல் பட்டதாரிகள் திருப்பதிக்குப் படிக்க வந்தார்கள். இன்றும் வருகிறார்கள். நகரி, புத்தூர்ப் பக்கத்துப் பிள்ளைகளில் பலருக்கு வீட்டில் தமிழ், பள்ளியில் தெலுங்கு. இன்னும் சிலருக்கு வீட்டில் உருது. 2021-22 முதல் ஆந்திராவில் பட்டப்படிப்பு முழுவதும் ஆங்கில வழிக்கு மாறிவிட்டது. இப்படிப்பட்ட வகுப்பில் போய் "புரிந்ததா?" என்று ஆங்கிலத்தில் கேட்டால் எல்லாத் தலையும் ஆடும். ஒரு வாயும் திறக்காது. அந்த மௌனத்தை மந்தம் என்று எடுத்துக்கொள்ளும் ஆசிரியர்கள் நிறையப் பேர். அது பெரிய அநியாயம். தெரிந்ததைச் சொல்ல அவர்களுக்கு நேரமும் மொழியும் கிடைக்கவில்லை, அவ்வளவுதான்.

நேரம் கொடுப்பது எளிது. மேரி பட் ரோ என்ற அமெரிக்கக் கல்வியாளர் வகுப்பறைகளை ஒலிப்பதிவு செய்து ஆராய்ந்தார். கேள்வி கேட்ட ஆசிரியர்கள் சராசரியாக ஒரு நொடிதான் பதிலுக்குக் காத்திருந்தார்கள். அதை மூன்று நொடிக்கு மேல் நீட்டியபோது பதில்கள் நீண்டன, வழக்கமாகப் பேசாத பிள்ளைகளும் பேசினார்கள். நம் பிள்ளைகள் மனதுக்குள் மொழிமாற்றமும் செய்ய வேண்டியிருக்கிறதே! நீ பத்து நொடியாவது பொறு.

மொழி கொடுப்பதற்குக் கொஞ்சம் துணிச்சல் வேண்டும். கேள்வியைப் பலகையில் எழுதிவிட்டு, பக்கத்தில் இருப்பவரோடு எந்த மொழியிலும் இரண்டு நிமிடம் பேசிக்கொள்ளச் சொல். ஆஸ்மோசிஸ் என்னும் சவ்வூடுபரவலை நடத்தும்போது, ஊறுகாய்க்கு நறுக்கிய மாங்காயில் உப்பைப் போட்டு வைத்தால் ஏன் தண்ணீர் விடுகிறது என்று கேள். சித்தூர் மாவட்டத்தில் பெங்களூரா மாந்தோப்புப் பக்கம் போகாத பிள்ளை எத்தனை பேர்? அவரவர் மொழியில் காரணத்தைக் கண்டுபிடிக்கட்டும். அதற்கான ஆங்கிலச் சொற்களை அதன் பிறகு நீ கொடு. ஆங்கிலவழிப் படிப்பானாலும் தேர்வைத் தாய்மொழியில் எழுத மாணவர்களை அனுமதியுங்கள் என்று 2023 ஏப்ரலில் பல்கலைக்கழக மானியக் குழுவான யூஜிசியே பல்கலைக்கழகங்களைக் கேட்டுக்கொண்டது. அப்படியிருக்க, வகுப்புப் பேச்சுக்குத் தடை போட வேண்டியதே இல்லை.

ஒன்று கவனம். நீ தமிழ் வீட்டுப் பெண். தமிழ்ப் பிள்ளைகளோடு மட்டும் தமிழில் பேசிச் சிரித்தால் மற்றவர்கள் அந்த வகுப்புக்கு வெளியே நிற்பார்கள்.

இப்படியெல்லாம் செய்தால் சிலபஸ் முடியாதே என்று மூத்தவர்கள் சொல்வார்கள். 2014இல் அமெரிக்காவில் ஃப்ரீமன் என்ற ஆய்வாளரின் குழுவினர் அறிவியல், பொறியியல், கணிதப் பாடங்களில் நடந்த 225 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தார்கள். விரிவுரை மட்டுமே கேட்ட மாணவர்கள், வகுப்பில் பேசியும் செய்தும் படித்தவர்களைவிட ஒன்றரை மடங்கு அதிகமாகத் தோல்வியடைந்திருந்தார்கள். சிலபஸை நீ முடிப்பது வேறு, பிள்ளைகள் படித்து முடிப்பது வேறு.

இதற்குச் சான்று தேடி அமெரிக்கா வரை போகவும் வேண்டாம். பழைய சித்தூர் மாவட்டத்தில், மதனபள்ளி அருகே இருக்கும் ரிஷிவேலி பள்ளி, சுற்றுக் கிராமங்களில் சின்னச் சின்னப் பள்ளிகளை நடத்தியது. ஒரே அறையில் பல வகுப்புப் பிள்ளைகள். ஒவ்வொரு பிள்ளையும் தன் படியிலிருந்து அட்டை அட்டையாக மேலே போகும். அதைப் பார்த்துத்தான் 2003இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளிலும், பிறகு தமிழ்நாடு முழுவதும் செயல்வழிக் கற்றல் வந்தது. உன் வகுப்பிலும் அறுபது பேர் அறுபது படியில் நிற்கிறார்கள். நடுவில் நிற்கும் ஒருவரைக் கற்பனை செய்துகொண்டு அவருக்கு மட்டும் நடத்தாதே.

சேஷாசலக் காட்டுச் செம்மரம் உன் பாடத்தில் வரும், கடத்தல் பேச்சும் வரும். 2015 ஏப்ரல் 7 அன்று அந்தக் காட்டில் ஆந்திரக் காவல்துறை சுட்டு, தமிழ்நாட்டுக் கூலித் தொழிலாளர்கள் 20 பேர் இறந்தார்கள். "தமிழர்கள் வந்து வெட்டுகிறார்கள்" என்று யாராவது பொத்தாம்பொதுவாகச் சொன்னால், கேட்காததுபோல் கடந்துவிடாதே. கடைசி பெஞ்சில் இருக்கும் தமிழ்ப் பையன் அதன் பிறகு உன் வகுப்பில் வாய் திறக்க மாட்டான். வெட்டியவருக்குக் கிடைக்கும் கூலி எவ்வளவு, வெளிநாட்டில் அந்த மரத்தின் விலை எவ்வளவு என்று பேச்சைத் திருப்பு.

"ஸ்காலர்ஷிப் பசங்க எழுந்திருங்க" என்று சொல்லும் வழக்கம் எங்கே இருந்தாலும் நீ சொல்லாதே. மாணவரின் சாதியை வகுப்பில் அறிவிப்பதும், இடஒதுக்கீட்டில் வந்தவர் என்று முத்திரை குத்துவதும் பாகுபாடு என்றே யூஜிசியின் 2012ஆம் ஆண்டு விதிகள் சொல்கின்றன. மாற்றுத்திறனாளிகளுக்கு உயர்கல்வியில் 5 சதவீத இடங்களை 2016ஆம் ஆண்டுச் சட்டம் ஒதுக்கியிருக்கிறது. பலகையைக் காட்டி "இதிலிருந்து இது வருகிறது" என்றால் பார்வையற்ற மாணவருக்கு என்ன விளங்கும்? எழுதுவதை வாயாலும் சொல்.

கடைசி ஐந்து நிமிடம் ஆளுக்கு ஒரு துண்டுத்தாள் கொடு. பெயர் வேண்டாம், எந்த மொழியானாலும் சரி, இன்று புரியாதது ஒன்றை எழுதட்டும். நான் ஆஸ்மோசிஸ் நடத்திய வகுப்பில் வந்த ஒரு சீட்டு, தெலுங்கு எழுத்தில் தமிழ்: "அடர்த்தி அதிகம் என்றால் உப்பு அதிகமா, தண்ணீர் அதிகமா?" ஆஸ்மோசிஸில் முக்கால்வாசிக் குழப்பமும் அந்த ஒரு வரியில் இருக்கிறது. கையைத் தூக்கி அதைக் கேட்க யாருக்கும் தைரியம் வந்திருக்காது. மறுநாள் வகுப்பை அந்தக் கேள்வியிலிருந்துதான் தொடங்கினேன்.

புதிய ஆசிரியர்களுக்கென்று யூஜிசி 2019இல் வகுத்த குரு தக்ஷதா பயிற்சிக்கு உன் முறை வரும்போது தவறாமல் போய் வா. அதுவரை காத்திருக்காதே. திங்கட்கிழமை வகுப்பிலேயே சீட்டு கேட்கத் தொடங்கிவிடு.

அன்புடன்,
பெரியப்பா