தார்க்குச்சியின் திறம்

திருத்தணி மலைக்கோயிலுக்குச் செல்லும் படிகள், ஆண்டின் நாட்களைக் குறிப்பனவாக 365 என்பர். அப்படிகளில் ஏறி நின்று நோக்கினால், குன்றுகளும் வயல்களும் ஆந்திர எல்லையை நோக்கிப் பரந்து கிடப்பதைக் காணலாம். முன்பு சித்தூர் மாவட்டத்தைச் சேர்ந்திருந்த இவ்வூர், 1960ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் நாள் தமிழகத்தோடு இணைந்தது. எல்லைக்கு இப்பால் பொதட்டூர்ப்பேட்டை, அம்மையார்குப்பம் முதலிய ஊர்களிலும், அப்பால் நகரியிலும் நெசவுத் தொழில் பல குடும்பங்களுக்குச் சோறிடுகின்றது. இவ்வூர்த் தெருக்களில் நடப்போர் செவியில் தறியின் ஓசை விழும். அதனினும் மெல்லிய ஓசை ஒன்றும் உண்டு. அது தார் சுற்றும் இராட்டையின் ஓசை. அதனைச் செவிமடுப்போர் சிலரே.

துணியில் நீளவாட்டில் அமைவது பாவு. குறுக்கே செல்வது ஊடை. ஊடை நூலைச் சிறு குச்சியின்மேல் சுற்றி, படகு போன்ற நாடாவினுள் பொருத்துவர். நூல் சுற்றிய அக்குச்சியே தார் எனப்படும். 1733ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் ஜான் கே என்பவர் விசைநாடாவைக் கண்டுபிடித்தார். அதனால் நாடா மிக விரைந்து ஓடலாயிற்று. நாடா விரைய விரைய, தார் செம்மையாக இருத்தல் இன்றியமையாததாயிற்று.

தார் சுற்றுவதற்கு வேண்டிய கருவிகள் மிகச் சில. நூற்சிட்டத்தை மாட்டுவதற்கு ஒரு சுழல்சட்டம், ஒரு கை இராட்டை, தார்க்குச்சிகள் ஆகியவையே அவை. இராட்டையின் பெருஞ்சக்கரத்தையும் கதிரையும் ஒரு கயிறு இணைக்கின்றது. சக்கரத்தின் குறுக்களவு 24 அங்குலமும், கதிரில் கயிறு படியும் உருளையின் குறுக்களவு 1 அங்குலமும் எனக் கொள்வோம். கயிறு வழுக்காதிருப்பின், சக்கரம் ஒருமுறை சுழலக் கதிர் 24 முறை சுழலும். கயிறு தளர்ந்தால் வழுக்கும். மிக இறுகினால் கை விரைவில் சோர்ந்துவிடும். இராட்டையைத் தேர்ந்தெடுப்போர் அதனைச் சுழற்றிவிட்டுக் கதிரின் நுனியை நோக்குதல் வேண்டும். நுனி ஒரு புள்ளியாக நின்றால் கதிர் நேரானது. வட்டமாகத் தோன்றினால் வளைந்தது. வளைந்த கதிரில் நூல் ஒருபுறம் இறுகியும் ஒருபுறம் நெகிழ்ந்தும் படியும்.

தார்க்குச்சிகள் யாவும் ஒரே அளவினவாக, நாடாவில் அசையாது பொருந்துதல் வேண்டும். குச்சியின்மேல் பஞ்சிழை ஒன்றை இழுத்துப் பார்த்தால் சிலும்பு உள்ள இடம் தெரிந்துவிடும். கண்ணுக்குத் தெரியாத சிலும்பும் நூலை அறுக்க வல்லது.

சுற்றுவதிலும் ஒரு முறை உண்டு. குச்சியின் பருத்த அடியில் தொடங்கிச் சிறிது சிறிதாக நுனியை நோக்கிச் செல்லுதல் வேண்டும். முன்பகுதி எப்பொழுதும் கூம்பு வடிவாகவே இருத்தல் நலம். ஏனெனில், நாடா ஓடும்பொழுது தார் சுழல்வதில்லை. நூலே நுனி வழியாகக் கழன்று வருகின்றது. தளரச் சுற்றினால் பல சுற்றுகள் ஒன்றாகச் சரிந்து சிக்கிக்கொள்ளும். இறுகச் சுற்றினால் மெல்லிய நூல் நைந்துவிடும். அளவுக்கு மிஞ்சிப் பருத்தால் நாடாவின் உட்புறத்தில் உராய்ந்து அறும்.

நூல் அறுந்தால் தறி நிற்கும். நெய்த அளவுக்கே கூலி பெறும் நெசவாளிக்கு, தறி நின்ற நேரமெல்லாம் இழப்பே. இங்ஙனம் ஒரு குடும்பத்தின் வருவாய் தார் சுற்றுவோரின் விரல்நுனியைச் சார்ந்து நிற்கின்றது. கைத்தறி வீடுகளில் அவ்விரல்கள் பெரும்பாலும் பெண்களுடையவும் முதியோருடையவும் ஆகும். எனினும் கூலி துணியின் கணக்கில் தரப்படுவதால், அவர்தம் உழைப்புக்குத் தனிக்கணக்கு இருப்பது அரிது. இக்காலத்தில் விசைத்தறிக் கூடங்களில் மின்பொறிகள் தார் சுற்றுகின்றன. பொறி மாறினும், கூம்பு வடிவும் ஒத்த இறுக்கமும் வேண்டும் என்னும் விதி மாறவில்லை.

நூலைச் சுற்றும் இத்திறமே வாழ்வை மாற்றிய வரலாறு ஒன்று தமிழ்நாட்டின் தென்கோடியில் உண்டு. 19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில், நாகர்கோவிலில் மார்த்தா மால்ட் என்னும் அம்மையார் பெண்களுக்கு லேஸ் பின்னக் கற்பித்தார். அவர் மகளார் எலைசா, அறிஞர் கால்டுவெல்லை மணந்தபின் அக்கலையை இடையன்குடிக்குக் கொண்டு சென்றார். இப்பின்னலுக்குத் தறி வேண்டுவதில்லை. திண்டு ஒன்றில் ஊசிகளைக் குத்தி, 'பாபின்' எனப்படும் சிறு கட்டைகளை இரண்டிரண்டாகத் தொங்கவிட்டு, அவற்றை மாற்றி மாற்றிப் பின்னுவர். அக்கட்டை நூலுக்கு உறையுமாகும். நூலை இழுத்து நிறுத்தும் எடையுமாகும். ஆதலின் மெல்லிய நூலுக்கு இலேசான கட்டையும், தடித்த நூலுக்குக் கனத்த கட்டையும் தேர்தல் வேண்டும். ஊசி துருப்பிடித்தால் வெண்ணூலில் கறை படியும். அதனால் பித்தளை ஊசிகளை விரும்புவர். திருவிதாங்கூரில் 1855ஆம் ஆண்டில் அடிமைமுறை ஒழிக்கப்படுமுன்பே, அடிமைகளாய் இருந்த பெண்கள் சிலர் லேஸ் பின்னி ஈட்டிய பொருளைக் கொண்டு தம் விடுதலையை விலைக்குப் பெற்றனர்.

மாணவர்களே! நீங்கள் உடுத்தும் கைத்தறி ஆடை ஒன்றின் ஊடை நூலை உற்று நோக்குங்கள். அது ஒருமுறை எவரோ ஒருவரின் விரலிடையே நழுவி ஒரு குச்சியின்மேல் படிந்த நூலாகும். துணியில் நெய்தவரின் திறம் நம் கண்ணுக்குத் தெரிகின்றது. சுற்றியவரின் திறமோ, குறையொன்றும் இல்லாமையால் மட்டுமே தெரிகின்றது. தறிக்குத் தரும் பெருமையில் ஒரு பங்கு தார்க்குச்சிக்கும் உரியது.