அனுப்பிய வருமான வரி விபரத்திரட்டில் பிழை இருந்தால்: திருத்தும் முறை

வருமான வரி விபரத்திரட்டை அனுப்பிய பின்னர் அதில் ஒரு பிழை தெரியவந்தால், அதைத் தொடாமல் விடுவதே பாதுகாப்பானது என எண்ணுவோர் பலர். திருத்தம் கேட்டால் விசாரணை வருமோ என்ற அச்சமே இதற்குக் காரணம். சட்டத்தின் நோக்கோ வேறு. தெரிந்தே அல்லது பாரதூரமான கவனயீனத்தால் பொய் விபரம் தந்தவருக்கு, குறைத்துக் காட்டிய வரியின் 50 சதவீதம் அல்லது 100 டொலர், இவற்றுள் எது கூடியதோ அது தண்டமாக விதிக்கப்படலாம். சாதாரணத் தவறு இவ்வகையைச் சேர்ந்ததன்று. ஆயினும், பிழையை அறிந்த பின்னரும் மௌனமாக இருந்தவர் அது வெறும் தவறே என்று நிறுவுவது கடினம்.

கணக்காளர் ஒருவர் தயாரித்துக் கொடுத்திருந்தாலும், விபரங்கள் சரியாக இருப்பதற்கான பொறுப்பு வரி செலுத்துபவருடையதே.

முதலில் காத்திருத்தல்

கனடா வருமான வரி முகவரகத்தின் மதிப்பீட்டு அறிவித்தல் கிடைக்கும்வரை திருத்தம் கோரலாகாது. அதே ஆண்டுக்கு இரண்டாவது விபரத்திரட்டு அனுப்புவதும் தவறாகும்.

திருத்தும் வழிகள்

1. முகவரகத்தின் ‘மை அக்கவுன்ட்’ இணையக் கணக்கில் ‘விபரத்திரட்டை மாற்றுதல்’ என்ற வசதி.
2. அண்மைய ஆண்டுகளுக்கு, வரி மென்பொருளிலுள்ள ‘ரீஃபைல்’ வசதி.
3. தபால் மூலம் ‘டி1-ஏடிஜே’ படிவம். இதில் வரி எண், முன்னர் காட்டிய தொகை, மாற்றம், திருத்திய தொகை ஆகியவற்றை எழுதி, ஒப்பமிட்டு, ஆதாரங்களை இணைத்தல் வேண்டும்.

இணையத்தில் திருத்துவோர் பற்றுச்சீட்டுகளை அனுப்ப வேண்டியதில்லை. எனினும் கேட்கப்படும்போது காட்டுவதற்காக ஆறு ஆண்டுகள் பேணிவைத்தல் வேண்டும்.

ஓர் உதாரணம்

ஒருவர் ஓராண்டில் இரண்டு இடங்களில் வேலை செய்கிறார். ஒரு ‘டி4’ சீட்டை மட்டும் வைத்து மார்ச் மாதத்தில் விபரத்திரட்டை அனுப்புகிறார். 4,200 டொலருக்கான இரண்டாவது சீட்டு பின்னர் கைக்கு வருகிறது. அச்சீட்டின் பிரதி முகவரகத்துக்கும் சென்றிருக்கும். ஆகவே விடுபட்ட தொகை என்றோ ஒரு நாள் வெளிப்படும். செலுத்தவேண்டிய மேலதிக வரிக்கு மே 1 முதல் நாளாந்தக் கூட்டு வட்டி ஏறும். விரைந்து திருத்தி, வரியையும் உடன் செலுத்தினால் வட்டி குறையும். 500 டொலர் அல்லது அதற்கு மேற்பட்ட வருமானம் இவ்வாறு விடுபட்டு, முந்திய மூன்று ஆண்டுகளில் ஒன்றிலும் அதுவே நேர்ந்திருந்தால், தனித் தண்டமும் விதிக்கப்படலாம்.

பணம் திரும்பக் கிடைக்கும் திருத்தங்கள்

திருத்தம் எப்போதும் நட்டம் தருவதன்று. பிள்ளைப் பராமரிப்புச் செலவு, மருத்துவச் செலவு, கல்லூரிக் கட்டணத்துக்கான ‘டி2202’ ஆகியவற்றைச் சேர்க்க மறந்தவர்கள் பத்து ஆண்டுகள்வரை பின்சென்று கோரலாம். 2026இல் கோருபவர் 2016ஆம் ஆண்டுவரை செல்லலாம். கனடா பிள்ளை நலக் கொடுப்பனவு பெற்றோரின் தேறிய வருமானத்தைக் கொண்டே கணிக்கப்படுவதால், திருத்தத்தின் பின் அதுவும் கூடலாம் அல்லது குறையலாம்.

பிறநாட்டு வருமானம்

கனடாவில் வதிவோர் உலகின் எப்பகுதியில் பெறும் வருமானத்தையும் காட்டுதல் வேண்டும். யாழ்ப்பாணத்திலோ சென்னையிலோ உள்ள வீட்டின் வாடகையும் இதில் அடங்கும். அங்கு செலுத்திய வருமான வரிக்கு இங்கு வரவு கோரலாம். வாடகை வீடு போன்ற பிறநாட்டுச் சொத்துகளின் மொத்தக் கொள்விலை 100,000 டொலரை மீறினால் ‘டி1135’ படிவமும் அவசியம். பல ஆண்டுகளாக இவற்றைக் காட்டாதிருந்தோர், முகவரகம் கணக்காய்வைத் தொடங்குமுன், தாமாக முன்வந்து வெளிப்படுத்தும் திட்டத்தின்கீழ் தண்டத்திலிருந்து விடுபட விண்ணப்பிக்கலாம். அதற்குமுன் வரிச் சட்டத்தரணி ஒருவரைக் கலந்தாலோசித்தல் நன்று.

முடிவை ஏற்க இயலாவிடின்

மீள்மதிப்பீட்டு அறிவித்தலின் திகதியிலிருந்து 90 நாட்கள், அல்லது விபரத்திரட்டுக்குரிய இறுதித் திகதியிலிருந்து ஓராண்டு, இவற்றுள் எது பிந்தியதோ அதற்குள் ஆட்சேபம் தெரிவிக்கலாம்.

உதவி

முகவரகத்தின் தனிநபர் தொலைபேசி இலக்கம்: 1-800-959-8281. குறைந்த வருமானமும் எளிய வரி விபரமும் உடையோருக்குச் சமூகத் தன்னார்வ வருமான வரித் திட்டத்தின் இலவச முகாம்கள் உதவும். மதிப்பீட்டு அறிவித்தலையும் விடுபட்ட சீட்டுகளையும் உடன் எடுத்துச் செல்லுதல் வேண்டும்.