கணக்கு தடுமாறும் அப்பா

கேள்வி: அப்பாவுக்கு 68 வயது. தறிப்பட்டறைக் கணக்கை மனக்கணக்காகவே போட்டவர். இப்போது ஒரே வாரக்கூலியை இரண்டு தடவை கொடுக்கிறார். கரண்ட் பில் கட்ட மறக்கிறார். கேட்டால் கோபம் வருகிறது. வயசானால் இப்படித்தானா? – ஒரு வாசகி, கருமத்தம்பட்டி

பதில்: இல்லை அம்மணி. எப்போதோ ஒரு பில் மறந்தால் அது வயசு. கைவந்த கணக்கு தொடர்ந்து தடுமாறினால், அது மறதிநோயின் ஆரம்ப அறிகுறியாக இருக்கலாம். பணக்கணக்குக்கு நினைவு, கவனம், முடிவெடுக்கும் திறன் மூன்றும் சேர்ந்து வேண்டும். அதனால் பலருக்குக் கோளாறு அங்கேதான் முதலில் தலைகாட்டும். நோய் கண்டறியப்படுவதற்கு 6 ஆண்டுகள் முன்பே பில்கள் தவறத் தொடங்குவதை, 2020இல் வெளியான அமெரிக்க ஆய்வு ஒன்று காட்டியது.

பயம் வேண்டாம். தைராய்டு கோளாறு, வைட்டமின் பி12 குறைவு, மனச்சோர்வு ஆகியவையும் இப்படிச் செய்யும். அவற்றுக்கு நல்ல சிகிச்சை உண்டு. கோவை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் நரம்பியல் மருத்துவரைப் பாருங்கள். தவறிய கணக்குகளைத் தேதியோடு எழுதி எடுத்துப் போங்கள்.

கணக்கு நோட்டை அவரிடமிருந்து பிடுங்காதீர்கள். வாரக்கூலியை இருவரும் சேர்ந்து எண்ணிக் கொடுங்கள். கரண்ட் பில்லை வங்கியிலிருந்து தானாகக் கட்டும்படி செய்யுங்கள். அவர் தெளிவாக இருக்கும்போதே, அவர் சம்மதத்துடன் கூட்டுக் கணக்கும் நாமினியும் சரிசெய்துகொள்ளுங்கள். முதியோர் உதவி எண் 14567. இந்த வாரமே டாக்டரிடம் அழைத்துப் போங்கள்.