ஜுஜுரானா வாழும் மலை

இமாசலப் பிரதேசம் நம் நாட்டின் வடக்கே இருக்கிறது. அங்கே குலு என்று ஒரு மாவட்டம். குலுவில் ஒரு பெரிய மலைக்காடு உண்டு. கீழே தேவதாரு மரங்கள். மேலே போகப் போக மரங்கள் குறையும். புல்வெளி வரும். அதற்கும் மேலே பனி. இந்தக் காட்டுக்குப் பெரிய இமயமலை தேசியப் பூங்கா என்று பெயர்.

பூங்கா என்றால் பூச்செடியும் ஊஞ்சலும் நினைவுக்கு வரும். இது அப்படி இல்லை. காட்டு விலங்குகளும் பறவைகளும் மரங்களும் தொல்லை இல்லாமல் வாழ அரசு ஒதுக்கிய இடம் இது. இங்கே மரம் வெட்டக் கூடாது. ஆடு மேய்க்கக் கூடாது. வேட்டையாடக் கூடாது. இதன் பரப்பு 754 சதுர கிலோமீட்டர். 2014ஆம் ஆண்டு இது உலகப் பாரம்பரிய இடங்களின் பட்டியலில் சேர்ந்தது.

பூங்காவுக்குள் வண்டி போகாது. நடந்துதான் போக வேண்டும். முதலில் வனத்துறையிடம் அனுமதிச் சீட்டு வாங்க வேண்டும்.

பலரும் குசைனி என்ற ஊரில் இருந்து நடக்கிறார்கள். பக்கத்தில் தீர்த்தன் ஆறு ஓடுகிறது. பனி உருகி வரும் தண்ணீர். கை வைத்தால் விறைத்துப் போகும். பூங்கா வாசலுக்குப் போக எட்டு, ஒன்பது கிலோமீட்டர் ஏற வேண்டும். இந்த வழி முழுவதும் காடு என்று நினைக்க வேண்டாம். முதலில் வருவது ஊர்களும் வயல்களும்தான்.

மலைச்சரிவில் சமமான நிலம் ஏது? மக்கள்தான் அதை உண்டாக்கினார்கள். சரிவை வெட்டினார்கள். கல் அடுக்கிச் சுவர் வைத்தார்கள். மண்ணை நிரப்பினார்கள். தூரத்தில் இருந்து பார்த்தால் வயல்கள் படிக்கட்டு போலத் தெரியும். மழையில் ஒரு சுவர் சரிந்தால் உடனே சரி செய்ய வேண்டும். விட்டால் மேல்வயல் மண் கீழ்வயலில் கிடக்கும்.

குளிர்காலத்தில் கோதுமையும் பார்லியும் நிற்கும். மழைக்காலத்தில் மக்காச்சோளம். மக்காச்சோளத்தின் ஊடே ராஜ்மா அவரையை ஊன்றுவார்கள். அவரைக் கொடி சோளத் தட்டையைப் பற்றி ஏறும். தனியாகப் பந்தல் வேண்டாம். அவரை வேர் மண்ணுக்கு உரம் சேர்க்கும். இதை எந்தப் புத்தகமும் அவர்களுக்குச் சொல்லித் தரவில்லை. காட்டில் உதிர்ந்த இலைகளை அள்ளி வந்து தொழுவத்தில் பரப்புவார்கள். சாணமும் இலையும் சேர்ந்து மக்கும். அதுதான் வயலுக்கு எரு. இப்போது பல வயல்கள் ஆப்பிள் தோட்டங்கள் ஆகிவிட்டன. ஆப்பிளில் பணம் வருகிறது. பழைய சிறுதானியங்கள் குறைந்து விட்டன.

பழைய வீடுகளையும் நின்று பார்க்க வேண்டும். ஒரு வரிசை கல், ஒரு வரிசை தேவதாரு மரம் என்று மாற்றி மாற்றி அடுக்கிய சுவர்கள். நிலம் அதிர்ந்தாலும் இந்தச் சுவர் எளிதில் விழாது. கீழ்த்தளத்தில் மாடுகள். மேலே மனிதர்கள். பனிக்காலத்தில் மாட்டின் உடல் சூடு மேலே ஏறி வீட்டைக் கதகதப்பாக்கும்.

வயல்கள் முடிந்தால் பூங்கா வாசல். உள்ளே ஓர் அரிய பறவை வாழ்கிறது. அதன் பெயர் ஜுஜுரானா. பறவைகளின் அரசன் என்று பொருள். உடலெல்லாம் வெள்ளைப் புள்ளி. கழுத்தில் சிவப்பு. எல்லாப் பறவைகளும் ஆளுக்கு ஓர் இறகு கொடுத்து இதைப் படைத்தார்கள் என்று அங்கே ஒரு கதை உண்டு. இது தரையில் இரை தேடும். மனித நடமாட்டம் இருந்தால் கூடு கட்டத் தயங்கும்.

சிக்கல் இங்கேதான் தொடங்குகிறது. பூங்காவை ஒட்டி சுமார் 160 கிராமங்கள் இருக்கின்றன. அந்த மக்கள் கோடையில் மேல் புல்வெளிக்கு ஆடுகளை ஓட்டிப் போவார்கள். மூலிகை பறிப்பார்கள். குச்சி என்ற காளானைத் தேடுவார்கள். இது அடுப்பெரிக்கும் குச்சி இல்லை. காய்ந்த குச்சிக் காளான் கிலோ பல ஆயிரம் ரூபாய்க்கு விற்கும். பறவை கூடு கட்டும் வசந்த காலத்தில்தான் காளானும் முளைக்கும்.

1999ஆம் ஆண்டு பூங்கா பற்றிய இறுதி அறிவிப்பு வந்தது. மேய்ச்சல் நின்றது. மூலிகை பறிப்பதும் நின்றது. சில குடும்பங்களுக்கு அரசு ஈட்டுத்தொகை கொடுத்தது. யாருக்கு? நூறு ஆண்டுக்கு முந்தைய பழைய பதிவேட்டில் முன்னோர் பெயர் இருந்தவர்களுக்கு. பெயர் இல்லாதவர்களும் அதே காட்டை நம்பித்தான் இருந்தார்கள். அவர்கள் கையில் ஒன்றும் வரவில்லை. கோபம் இருந்தது. அது நியாயமான கோபம்.

அந்தக் காலத்தில்தான் கிராமத்துப் பெண்கள் சேமிப்புக் குழுக்கள் தொடங்கினார்கள். நாளுக்கு ஒரு ரூபாய் சேர்த்தார்கள். மண்புழு உரம் தயாரித்து விற்றார்கள். ஆப்ரிகாட் கொட்டையை உடைத்து எண்ணெய் எடுத்தார்கள். இளைஞர்கள் பயணிகளுக்கு வழி காட்டவும், சுமை தூக்கவும், சமைக்கவும் போனார்கள். எல்லா வீட்டுக்கும் வேலை கிடைக்கவில்லை. கிடைத்த வீடுகளில் அடுப்பு எரிந்தது.

இப்போது வழிகாட்டிகளாக வரும் பலருடைய தாத்தாக்கள் அதே பாதையில் ஆடு ஓட்டிப் போனவர்கள். எந்தப் பாறைக்குப் பின்னால் ஊற்று இருக்கிறது என்று அவர்களுக்குத் தெரியும்.

போக நல்ல மாதங்கள் ஏப்ரல் முதல் ஜூன் வரை, பிறகு செப்டம்பர், அக்டோபர். மழைக்காலத்தில் போகக் கூடாது. 2023 ஜூலையில் பெய்த பெருமழையில் பக்கத்துப் பள்ளத்தாக்கான சைஞ்சில் பல வீடுகளையும் கடைகளையும் ஆறு அடித்துக்கொண்டு போனது.

கலந்து பேசுங்கள்:
ஒரு பெண் நாளுக்கு 1 ரூபாய் சேர்த்தால் 30 நாளில் எவ்வளவு? பத்துப் பெண்கள் சேர்த்தால் எவ்வளவு?
பதிவேட்டில் பெயர் இல்லாத குடும்பங்களுக்கு என்ன செய்திருக்கலாம்?
உங்கள் ஊர் நிலப் பதிவேட்டில் உங்கள் பெயர் இருக்கிறதா? படித்துப் பார்த்தீர்களா?