ஏரிப் புழுதி

அன்புள்ள கண்ணா,

கேரளத்தில் பரவுகிறதே, மூளையைத் தின்னும் அமீபா, அது நம் கோவில்பதாகை ஏரிக்கும் வருமா என்று கேட்டிருந்தாய். அந்த நேக்ளேரியா வெதுவெதுப்பான நன்னீரில் இருப்பது. மூக்கு வழியாக ஏறினால்தான் வினை. குடித்தால் ஒன்றும் செய்யாது. வருவது அபூர்வம், வந்தால் பிழைப்பதும் அபூர்வம். ஏரித் தண்ணீரில் குதிக்காதே, அவ்வளவுதான்.

எனக்குத் திக்கென்றது உன் கடைசி வரி. கிரிக்கெட் ஆடும்போது கண்ணில் ஏரிப் புழுதி விழுந்ததாம், கசக்கிவிட்டுத் தொட்டித் தண்ணீரில் கழுவினாயாம்!

அந்தப் புழுதியிலும் ஓர் அமீபா உண்டுடா. பெயர் அகாந்தமீபா. கிரேக்கத்தில் அகாந்தா என்றால் முள். உடம்பு முழுக்க முள்முள்ளாக நீட்டிக்கொண்டு மண்ணில் பாக்டீரியாவை மேய்ந்து திரியும். ஏரி வற்றினால் இரட்டைச் சுவர்க் கூட்டுக்குள் சுருண்டுகொள்ளும். 20 வருடத்துக்கு மேல் காய்ந்து கிடந்த கூடுகள்கூட மறுபடி உயிர்த்திருக்கின்றன. குழாய்த் தண்ணீர்க் குளோரின் அதற்கு ஒரு பொருட்டே இல்லை.

கண்ணைக் கசக்கும்போது மணல் கருவிழியைக் கீறும். அந்தக் கீறல்தான் அதற்கு வாசல்.

மேல்நாட்டில் இதனால் வரும் கருவிழிப் புண்ணைக் கான்டாக்ட் லென்ஸ்காரர்களின் நோய் என்பார்கள். லென்ஸையே பார்த்திராதவர்களுக்கும் வருகிறது என்று மதுரை அரவிந்த் கண் மருத்துவமனை மருத்துவர்கள் 1990-லேயே எழுதினார்கள். அங்கே 1994 ஜனவரி முதல் மார்ச் வரை கருவிழிப் புண்ணோடு வந்த 434 பேரைப் பரிசோதித்ததில், 284 பேருக்கு முதலில் கண்ணில் அடிபட்டிருந்தது. கல்ச்சரில் அகாந்தமீபா மட்டும் வளர்ந்தது மூன்றே பேருக்கு. காளானும் பாக்டீரியாவும்தான் ஏராளம். மூன்றுதானே என்று நினைக்காதே. வலி உயிரை எடுக்கும். பார்ப்பதற்கு வைரஸ் புண் போலவே இருப்பதால் வைத்தியம் தடம் மாறிப்போகும். மருந்துக்கடையில் கேட்டு வாங்கிய ஸ்டீராய்டு சொட்டை விட்டுக்கொண்டு, சிவப்பு குறைந்ததே என்று மூன்று வாரம் கடத்தி வந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

எங்கள் லேபில் இதைக் கண்டுபிடிப்பது எனக்குப் பிடித்த வேலை. சத்தில்லாத அகார் ப்ளேட்டில் ஈ.கோலை பாக்டீரியாவைத் தடவி, புண்ணில் சுரண்டியதை நடுவில் வைப்போம். ஓரிரு நாளில் மைக்ரோஸ்கோப்பில் பார்த்தால், ஆடு மேய்ந்த புல்வெளி மாதிரி பாக்டீரியாப் படலத்தில் ஒற்றையடிப் பாதைகள். பாதையின் முனையில் அது ஊர்ந்துகொண்டிருக்கும்.

மருந்தின் கதை இன்னும் வேடிக்கை. நீச்சல்குளத்தைச் சுத்தம் செய்யும் பி.எச்.எம்.பி. என்ற ரசாயனத்தை 0.02 சதவீதமாகக் கரைத்துச் சொட்டாக விடுவார்கள். ஆரம்பத்தில் மணிக்கொரு தரம், ராத்திரியும்தான். கூட்டுக்குள் இருப்பது சாக மாதக்கணக்காகும்.

இனி தூசி விழுந்தால் கசக்காதே. கொதித்து ஆறிய தண்ணீரை ஊற்று. தாய்ப்பால், விளக்கெண்ணெய் என்று பாட்டி கிளம்பினால் என் பெயரைச் சொல்லித் தடுத்துவிடு. இப்போது உறுத்தல் இருக்கிறதா, வெளிச்சம் கூசுகிறதா? இருந்தால் நாளைக் காலையே அப்பாவோடு கண் டாக்டரிடம் போ. ஏரிப் புழுதி விழுந்ததை மறக்காமல் சொல்.

ஒன்றுமில்லை என்றால், லீவுக்கு வரும்போது ஒரு தீப்பெட்டியில் அந்த ஏரி மண்ணைக் கொண்டு வா. ப்ளேட்டில் போட்டுப் பார்ப்போம், யார் எழுந்து வருகிறார்கள் என்று.

அன்புடன்,
அத்தை