பொத்தானை மட்டும் வெளியே எடு

அன்புள்ள மருமகனுக்கு,

ஐஸ் கொட்டகைக்கு ரிமோட் ஷட்டர் போட்டாயிற்று என்று உன் அம்மா போனில் சொன்னாள். மீன்பாடு வருகிற நாளில், விடிகாலை இருட்டில் இறால் பெட்டியோடு வந்து நின்று ரிமோட்டைத் துழாவாமல், ஆம்னியின் டேஷ்போர்டிலேயே பொத்தான் இருந்தால் என்ன என்று கேட்டாயாமே. வைக்கலாம். வெளிநாட்டுக் கார்களில் 1990களிலிருந்தே ஹோம்லிங்க் என்ற பெயரில் இது கம்பெனியிலேயே பொருத்தி வருகிறது. ஆம்னியோ 1984இல் மாருதி வேனாக வந்து 2019இல் நின்றுபோன வண்டி. அதற்கு நாமேதான் கைவேலை பார்க்க வேண்டும்.

இருக்கிற ஒரே ரிமோட்டைப் பிரித்துவிடாதே. ஷட்டர் போட்டவரிடம் இன்னொன்று வாங்கி, மோட்டாரில் பதிவு செய்து, அது வேலை செய்த பிறகு திற. உள்ளே இருக்கும் சிப்பின் மேல் எழுத்தைப் படி. இவி1527, பிடி2262 என்றிருந்தால் மாறாத குறியீடு. யாராவது அதன் அலையை ஒருமுறை பதிவு செய்துவிட்டால் போதும், பிறகு எப்போதும் திறக்கலாம். எச்சிஎஸ்301 என்றால் ஒவ்வொரு அழுத்தலுக்கும் குறியீடு மாறும். 2015இல் சாமி காம்கர் என்ற அமெரிக்கர், சிறுவர்களின் பழைய மெசேஜ் பொம்மை ஒன்றை மாற்றியமைத்து, மாறாத குறியீட்டுக் கதவுகளைச் சில நொடிகளில் திறந்து காட்டினார். முடிந்தால் மாறுகிற வகையையே கேட்டு வாங்கு.

பலரும் சறுக்குகிற இடம் கரண்ட். சில ரிமோட்டில் 12 வோல்ட் குட்டி பேட்டரி இருக்கும். வண்டியும் 12 வோல்ட்தானே, நேராகக் கொடுத்துவிடலாம் என்று தோன்றும். இன்ஜின் ஓடும்போது வண்டியில் இருப்பது சுமார் 14 வோல்ட். ஓடிக்கொண்டிருக்கும்போதே பேட்டரி முனை தளர்ந்து விலகினால் ஒரு கணம் பல மடங்கு எகிறும். பழவேற்காட்டு உப்புக் காற்றில், ஐஸ் தண்ணீர் சொட்டும் வண்டியில், முனை பூத்துத் தளர்வது அன்றாடச் சங்கதி. அதனால் வண்டியின் கரண்ட் ரிமோட்டுக்குள் போகவே வேண்டாம். அதன் பேட்டரி அதிலேயே இருக்கட்டும். அழுத்தும்போது மட்டும் செலவாவதால் நீண்ட நாள் வரும். நாம் வெளியே எடுப்பது பொத்தானின் இரண்டு முனைகளை மட்டும்.

பொத்தானுக்கு நாலு கால் இருக்கும்; இரண்டிரண்டாக உள்ளேயே சேர்ந்தவை. மூலைக்கு மூலை எதிரெதிரான இரண்டில் மெல்லிய ஒயர்களைப் பற்றவை. தப்பாமல் மல்டிமீட்டரில் பார்த்துக்கொள். ஒயரை முறுக்கி, குட்டையாக வை. நீண்டால் ஏரியல் கெடும்.

வண்டியைத் திறந்து போட்டுவிட்டு நீ ஏலத்துக்குப் போகிற ஆள். அந்த நேரத்தில் யாரும் பொத்தானை அழுத்தினால்? ஒரு ஒயரின் நடுவே ரிலே ஒன்றைச் சேர். சாவி போட்டால் மட்டும் 12 வோல்ட் வருகிற ஒயரிலிருந்து, 1 ஆம்பியர் ஃப்யூஸ் வழியாக அதன் காயிலுக்கு இணைப்புக் கொடு. ஹாரனுக்குப் போடும் பெரிய ரிலே வேண்டாம். பொத்தான் வழியே ஓடுவது மிகச் சிறு கரண்ட். பெரிய ரிலேயின் வெள்ளி முனைகளில் படியும் கறையை அந்தக் கரண்டால் உடைக்க முடியாது. தங்க முலாம் பூசிய முனைகளுள்ள சிறிய சிக்னல் ரிலே என்று கேள். சென்னை ரிச்சி தெருவில் கிடைக்கும்.

உப்புக்கு ஒரு பாதுகாப்பு. பற்றவைத்த இடங்களில் நகப்பூச்சு இரண்டு கை தடவு. பேட்டரி முனையிலும் பொத்தானுக்குள்ளும் படக்கூடாது. ஒயர் நுழையும் ஓட்டையைச் சிலிக்கோன் வைத்து அடைக்கலாம், ஆனால் வினிகர் வாடை அடிக்கிற வகை வேண்டாம். அந்த அமிலம் செம்பை அரிக்கும். வாடையில்லாத நியூட்ரல் வகை வாங்கு.

ஏற்றும் பொத்தானை மட்டும் டேஷ்போர்டுக்குக் கொண்டு வா. இறக்கும் பொத்தான் கையிலிருக்கும் ரிமோட்டிலேயே இருக்கட்டும். இதில் நான் பிடிவாதக்காரன். வண்டியைக் கிளப்பிக்கொண்டே ஷட்டரை இறக்கினால், அடியில் குழந்தை நிற்கிறதா, பெட்டி கிடக்கிறதா என்று எப்படித் தெரியும்? கூடை இடித்துத் தானாக அழுந்தாதபடி, குழிந்த விளிம்புள்ள பொத்தானாகப் பார்.

ரிமோட்டை சீட்டுக்கு அடியில் ஒளிக்காதே. ஆம்னியின் இன்ஜின் அங்கேதான் கொதிக்கிறது. சுற்றிலும் இரும்பு இருப்பதால் அலையும் சரியாக வெளியேறாது. முன் கண்ணாடிக்கு அருகில், பிளாஸ்டிக்குக்குப் பின்னால் வை. மூடுவதற்கு முன் இன்ஜின், விளக்கு, வைப்பர் எல்லாம் ஓடும்போது சோதித்துப் பார். தூரம் போதவில்லை என்றால் ஒயரை நீட்டாமல் ரிமோட்டையே இன்னும் மேலே நகர்த்து.

புயல் நாளில் கரண்ட் போனால் இந்தப் பொத்தானால் பயனில்லை. ஷட்டரைக் கையால் தூக்கும் சங்கிலியை ஐஸ் பெட்டி மறைக்காமல் இப்போதே இடம் ஒதுக்கிவிடு. உன் அம்மாவுக்கும் அதை இழுக்கக் காட்டிக்கொடு.

அன்புடன்,
மாமா